ஒட்டுமா, ஒட்டாதா?

தலைமை ஆசிரியர் அம்மா அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் ஐயா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரே, மைக் செட்டுக்குக் காசு வாங்காத தம்பியே, யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், போன வருடம் விட்டுப்போன ஒருவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

1928 பிப்ரவரி 28, ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்ட நாள். அதைத்தான் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். நான் மூன்று விஷயம் சொல்லப்போகிறேன்: காந்தத்தில் எது ஒட்டும், ஏன் ஒட்டும், பூமியே எப்படி ஒரு காந்தம்.

என் கையில் இருப்பது பழைய ஸ்பீக்கரில் கழற்றிய வட்டக் காந்தம். ஆணி ஒட்டும், குண்டூசி ஒட்டும். அலுமினியச் சட்டி, செம்புக் குடம், பித்தளைக் குத்துவிளக்கு, தங்க மோதிரம் எதுவும் ஒட்டாது. ஒரு ரூபாய் நாணயம் ஒட்டும், பித்தளை நிறத்து ஐந்து ரூபாய் ஒட்டாது. உலோகம் எல்லாமே ஒட்டும் என்று நினைத்தவர்கள் கை தூக்குங்கள். பாருங்கள், பெரியவர்கள்தான் அதிகம்! கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

என் அத்தை பாத்திரக்காரர் வந்தால் முந்தானையில் முடிந்த காந்தத்தோடுதான் தெருவில் இறங்குவாள். ஒட்டினால் மட்டமான எவர்சில்வர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒட்டிய சட்டியை அவர் முகத்துக்கு நேரே தள்ளிவிட்டு, ஒட்டாததை வாங்கி ஊரெல்லாம் பெருமை பேசினாள். தள்ளிய சட்டியைப் பக்கத்து வீட்டம்மா பாதி விலைக்கு வாங்கினார். முப்பது வருடம் கழித்து இரண்டு வீட்டிலும் இண்டக்‌ஷன் அடுப்பு வந்தது, அது காந்தம் ஒட்டும் சட்டியை மட்டும்தான் சூடாக்கும். பக்கத்து வீட்டுச் சட்டியில் பால் பொங்குகிறது, அத்தையின் சட்டியோ சூடே ஆகவில்லை, அடுப்பு கீக்கீ என்று கத்துகிறது! எவர்சில்வரில் நிக்கல் போதுமான அளவு சேர்ந்தால் காந்தம் பிடிக்காது, உண்மைதான். ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவு ரகமும் பிடிக்காது. அப்புறம் காந்தத்தை வைத்து எப்படித் தரம் பார்ப்பது? தீர விசாரிப்பதே மெய்.

விசாரிக்க இடம் வேண்டாமா? ஏன் ஒட்டுகிறது என்பதற்கு வருவதற்குள் இதைச் சொல்லிவிடுகிறேன், தலைவர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்த வட்டாரத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் அறை பூட்டியே கிடக்கிறது, பொருள் தொலைந்தால் யார் பதில் சொல்வது என்று பயம். தொலையட்டுமே! பிள்ளை வீட்டுக்குத் தூக்கிப்போன காந்தம் அங்கே நாலு பாத்திரத்தையாவது தொட்டிருக்கும். வாரம் ஒரு நாள் அறையைத் திறந்து வைக்கக் கேட்டு மனு எழுதியிருக்கிறேன், கீழே மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள்.

மணி அடிக்கப் பார்க்கிறார்கள், ஏன் ஒட்டும், பூமி எப்படிக் காந்தம் என்ற மீதி இரண்டும் இன்னொரு நாள், முடித்துக்கொள்கிறேன். மனுவுக்குப் பக்கத்தில் ஒரு வாளி ஆற்று மணலும் பத்துக் காந்தமும் வைத்திருக்கிறேன். காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிவிட்டு மணலில் விடுங்கள், இல்லையென்றால் ஒட்டும் கருந்தூளைச் சுரண்டவே பொழுது போய்விடும். சின்னப் பிள்ளைகள் முதலில் வாருங்கள்.