மண்ணெண்ணெய் வாங்கிக் கொடுத்த அம்மா

எல்லாருக்கும் வணக்கம்ங்க. படம் முடிஞ்சு லைட் போட்டப்போ பின்னாடி வரிசைல ரெண்டு மூணு அம்மாங்க முந்தானையால கண்ண தொடச்சிக்கிட்டு இருந்தாங்க, எனக்கும் அதே நிலமைதான், இது நான் நாலாவது தடவ பாக்குறேன், இன்னும் அந்த மண்ணெண்ணெய் சீன் வந்தா தொண்ட அடச்சிக்குது. அதப் பத்திதான் இன்னைக்குப் பேசணும்.

‘குயின் ஆஃப் கட்வே’, 2016ல வந்த படம், டைரக்டர் மீரா நாயர். கட்வேங்கிறது உகாண்டா தலைநகர் கம்பாலால இருக்கிற குடிசைப் பகுதி, பெரிய மழ பெஞ்சா வீட்டுக்குள்ள வெள்ளம் வந்துரும். பியோனா முத்தேசி அங்க வளந்த நிஜமான பொண்ணு. அப்பா எய்ட்ஸ்ல போயிட்டாரு, பீஸ் கட்ட முடியாம ஸ்கூல் நின்னு போச்சு, தலைல சோளக்கதிர சொமந்துக்கிட்டு ட்ராபிக்ல வண்டி வண்டியா ஓடி வித்தாதான் ராத்திரி அடுப்பு எரியும். அந்தப் புள்ள செஸ் மேல ஆசப்பட்டா வந்துச்சு? கூடப்பொறந்தவன் பிரையன் எங்க போறான்னு பின்னாடியே போச்சு, அங்க ராபர்ட் கட்டெண்டேன்னு ஒரு மனுஷன் புள்ளைங்களுக்கு செஸ் சொல்லிக் குடுத்து ஒரு கப் கஞ்சியும் ஊத்துறாரு. பசிதான் அந்தப் பொண்ண செஸ் போர்டு முன்னாடி உக்கார வச்சது. இத மறைக்காம காட்டுனதுக்கே அந்தப் படத்துக்கு ஒரு கும்பிடு போடலாம்.

முதல் நாள் மத்த புள்ளைங்க ‘நாத்தம் அடிக்குது’ன்னு மூக்கப் பொத்துதுங்க. பியோனா அடிச்சு சண்ட போடுறா. ஆனா மறுநாள் காலைல தண்ணி எடுத்து ஒடம்பெல்லாம் தேச்சு குளிச்சிட்டுத்தான் வர்றா பாருங்க, ஒரு வசனம் கிடையாது, அந்த இடத்துல எனக்கு அந்தப் பொண்ணு மேல வந்த மரியாத அவ அப்புறம் வாங்குன மெடலப் பாத்தப்போ கூட வரல.

இப்ப அந்த சீனுக்கு வர்றேன். ராத்திரில செஸ் புக் படிக்கணும், வீட்ல வெளக்கு எரிய மண்ணெண்ணெய் இல்ல. அம்மா ஹாரியட்டுக்கு செஸ்னா என்னன்னே தெரியாது, புள்ள நடக்காத கனவெல்லாம் கண்டு ஏமாந்துருமோன்னு பயந்து திட்டிக்கிட்டே இருந்தவங்க அவங்க. அப்படிப்பட்ட அம்மா தான் பத்திரமா வச்சிருந்த நல்ல துணிய எடுத்துட்டுப் போயி வித்துட்டு மண்ணெண்ணெயோட வர்றாங்க. அம்மாவா நடிச்ச லுபிடா நியாங்கோ அந்தக் கடைல நிக்கிற நிப்ப பாக்கணுமே, தலை குனியவே இல்ல!

வறுமைலருந்து மேல வந்தவங்கள பாத்தா ‘அவன் தெறமங்க, அவன் ஒழப்புங்க’ன்னு நாம சட்டுனு சொல்லிடுறோம். தெறம இருந்துச்சு, ஒழப்பும் இருந்துச்சு, யாரு இல்லைன்னா? ஆனா கஞ்சி ஊத்துனது ஒருத்தர், வெளக்கு ஏத்துனது ஒருத்தர். போட்டிக்கு என்ட்ரி பீஸ் கட்டக் காசு இல்லாதப்போ கட்டெண்டே ஃபுட்பால் மேட்ச் ஆடி சம்பாரிச்சுக் கட்டுறாரு, அவரு படிச்சது எஞ்சினியரிங், நல்ல வேலையும் கெடைக்குது, அத விட்டுட்டு இந்தப் புள்ளைங்களோடயே நிக்கிறாரு. இத்தன கை சேந்துதான் ஒரு புள்ளைய தூக்கி விட்டுச்சு.

இன்னொன்னும் புடிச்சது, ஜெயிக்கிறதோட நிறுத்தல. 2010ல ரஷ்யாவோட சைபீரியால, கான்டி-மான்சிஸ்க்ங்கிற ஊர்ல நடந்த ஒலிம்பியாட்டுக்கு, அதான் நாடுங்க மோதுற பெரிய செஸ் போட்டிக்குப் போனப்போ தோத்து அழுறா, திரும்பி வந்து போர்டையே தொட மாட்டேங்குறா. நிஜ பியோனா 2012 இஸ்தான்புல் ஒலிம்பியாட்ல ஆடி பொண்ணுங்களுக்குன்னு செஸ்ல குடுக்கிற வுமன் கேண்டிடேட் மாஸ்டர் பட்டம் வாங்குனா, அதுக்குப் பின்னாடி இந்த அழுகையெல்லாம் இருக்கு.

பியோனாவா நடிச்ச மதினா நல்வாங்காவும் கம்பாலாப் பொண்ணுதான், சின்ன வயசுல அதுவும் தெருவுல சோளம் வித்த புள்ள. படம் முடியிறப்போ நடிச்சவங்க பக்கத்துல நிஜ ஆளுங்க வந்து நிக்கிறாங்கல்ல, எந்திரிச்சுப் போயிடாதீங்க, அத முழுசா பாருங்க.

கடைசியா குட்டிப் பொண்ணு க்ளோரியா. அவதான் பியோனாவுக்கு மொதல்ல ஆட்டம் சொல்லிக் குடுக்கிறா, சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போனா ராணி ஆயிடும், சின்னது பெருசாகும், அதனாலதான் இந்த ஆட்டம் எனக்குப் புடிக்கும்ங்கிறா. க்ளோரியாவா நடிச்சது நிகிதா பேர்ல் வலிக்வா. அந்தப் புள்ளைக்கு மூளைல கட்டி வந்துச்சு, உகாண்டால வசதி இல்லன்னு மீரா நாயர் பல பேர்கிட்ட காசு தெரட்டி இந்தியாவுல வைத்தியம் பாக்க வச்சாங்க, சரியாயிடுச்சுன்னு நெனச்சப்போ மறுபடியும் வந்துச்சு, 2020 பிப்ரவரில எறந்துட்டா. வயசு 15. அடுத்த தடவ பாக்குறப்போ அந்த சீன்ல அவ வெரல கவனிங்க, ஒவ்வொரு கட்டமா அந்த சிப்பாய எப்படித் தள்ளிக்கிட்டுப் போறான்னு.