செவுளைத் தூக்கிப் பாருங்க, நடுவரே!

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். போன்ல வர்ற தகவலைச் சரிபார்க்க வேண்டியது வாட்ஸ்அப் மாதிரி கம்பெனியா, கையில வாங்குற நாமளான்னு தலைப்பு. நாமதான்னு பேச வந்திருக்கேன்.

எதிரணி அண்ணன் ஒரு கேள்வி கேட்டார், நீங்களும் கைதட்டுனீங்க. "ரேஷன் கடை வரிசையில நிக்கிற அம்மாவைப் போய்ச் சரிபாருன்னு சொல்றீங்களே, அவங்க என்ன சி.பி.ஐ. அதிகாரியா?"

அண்ணே, அதே அம்மாவை மீன் மார்க்கெட்டுல பாத்திருக்கீங்களா? "இப்பதான் படகுலேருந்து எறங்குச்சு"ம்பார் மீன்காரர். அந்த அம்மா பதிலே பேச மாட்டாங்க. செவுளைத் தூக்குவாங்க. சிவப்பா இருக்கா? அதோட விடுறாங்களா? விரலை வச்சு அமுக்குவாங்க. குழி அப்படியே நின்னா பழசு. கண்ணைப் பாப்பாங்க, உள்ள போயி வெள்ளை படிஞ்சிருந்தா அடுத்த கடை. அரைக் கிலோ சங்கராவுக்கு மூணு சோதனை! அவங்களுக்கா அண்ணே சரிபார்க்கத் தெரியாது?

போனுக்கும் அதேதான். வாட்ஸ்அப் மெசேஜ் மேல ரெட்டை அம்புக்குறி இருக்கா? குறைஞ்சது அஞ்சு கை மாறி வந்திருக்குன்னு அர்த்தம். அனுப்புன அத்தைக்கே அது எங்க எடுத்ததுன்னு தெரியாது. இது கண்ணைப் பாக்குறது.

அடுத்து அமுக்கிப் பாருங்க. வீடியோவை நிறுத்துங்க, முகம் தெரியிற இடத்துல இல்ல, கடைப் பலகை, கட்டடம், வண்டி நம்பர் தெரியிற இடத்துல. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மேல யாரோ ஒட்டுன எழுத்தை வெட்டிட்டு, படத்தை வச்சே இணையத்துல தேடுற கூகுள் லென்ஸ்ல போடுங்க. படம் கலங்கியிருந்தா தேடல்ல சிக்காது. வேற வேற இடத்துல நிறுத்தி மூணு நாலு படம் போடணும். பலகை எழுத்து கண்ணாடியில பாக்குற மாதிரி இடம் வலமா மாறியிருந்தா, படத்தைத் திருப்பிப் போட்டுத் தேடுங்க. கிடைச்சதுல எது ரொம்பப் பழைய தேதி? அதுதான் நடுவரே செவுள். நேத்து நடந்ததுன்னு வந்த வீடியோ ரெண்டு வருஷம் முன்னாடியே இருந்தா, மீன் நாறிப்போச்சு. பத்திரிகை லோகோ போட்ட கார்டா? லோகோவை யாரும் ஒட்டலாம். அந்தப் பத்திரிகையோட சொந்தப் பக்கத்துல, அதே தேதியில தேடுங்க.

2018-ல ஒரு வீடியோ நாடு முழுக்கச் சுத்துச்சே, ஞாபகம் இருக்கா? தெருவுல பசங்க விளையாடுறாங்க. பைக்ல ரெண்டு பேர். பின்னாடி இருந்தவன் ஒரு குழந்தையைத் தூக்குறான், பைக் பறக்குது. "பிள்ளை பிடிக்கிறவங்க வந்துட்டாங்க!" எந்த ஊரு? கராச்சி! ரோஷ்னி ஹெல்ப்லைன்னு ஓர் அமைப்பு விழிப்புணர்வுக்காக எடுத்த படம். முழுசா பாத்தா அதே பைக் திரும்பி வரும். குழந்தையை எறக்கி விடுவாங்க. ஓர் அட்டையை விரிச்சுக் காட்டுவாங்க: கராச்சித் தெருவுல ஒரு குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும்னு. அந்தக் கடைசித் துண்டை யாரோ வெட்டிட்டாங்க. அட்டை போச்சு, குழந்தை திரும்பி வந்ததும் போச்சு, மிச்சம் இருந்தது பயம் மட்டும்.

கம்பெனி தடுக்கட்டும்னு சொன்னீங்க அண்ணே. தடுத்தாங்க. ஒரு தடவைக்கு அஞ்சு சாட்டுக்கு மேல ஃபார்வர்டு பண்ண முடியாதுன்னு இந்தியாவுக்கு வாட்ஸ்அப் அறிவிச்சது 2018 ஜூலையில.

திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர்ல நடந்தது அதே வருஷம் மே 9.

65 வயசு அம்மா நடுவரே. சென்னையிலேருந்து சொந்தக்காரங்களோட குலதெய்வம் கோயிலுக்குக் கார்ல போறாங்க. வழி கேக்க நிறுத்துறாங்க. அங்க நின்ன குழந்தைங்களுக்குச் சாக்லேட் குடுக்கிறாங்க. நம்ம வீட்டுப் பாட்டி குடுக்க மாட்டாங்களா? குழந்தையைப் பாத்தா வெறுங்கையோட போவாங்களா? பிள்ளை பிடிக்கிறவங்கன்னு கூட்டம் கூடி அடிச்சே கொன்னுடுச்சு.

ஒருத்தராவது ஒரு நிமிஷம் போனை எடுத்துத் தேடியிருந்தா… எடுத்தாங்க நடுவரே. அடிக்கிறதை வீடியோ எடுக்க எடுத்தாங்க.

வணக்கம்.