வெரைட்டி ஹால் இருந்த இடம்

நேயர்களுக்கு வணக்கம். கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் ரோடு என்றால் ஆட்டோக்காரர் மறுபேச்சில்லாமல் கொண்டுபோய் விடுவார். இறங்கி, ‘ஹால் எங்கே?’ என்று கேட்டால்தான் சிக்கல். பின்னாளில் டிலைட் தியேட்டர் என்று பெயர் மாறிய அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள்.

கட்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர். 1905-இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் ப்ரொஜெக்டரையும் சில துண்டுப் படங்களையும் வாங்கினார். அப்புறம் வேலையாவது ஒன்றாவது! ஊர் ஊராகக் கொட்டகை போட்டுப் படம் காட்டக் கிளம்பிவிட்டார். 1914-இல் கோவையில் நிலையாக எழுப்பியதுதான் இந்த ஹால்.

கரண்டுக்கு என்ன செய்தார்? நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரமே 1932-இல்தான் வந்தது. ஆகவே தன் மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொண்டார். மின்சாரத்தில் ஓடும் அச்சகம், அரிசி ஆலை என்று அடுத்தடுத்துத் தொடங்கினார். படம் காட்ட வந்த மனிதர் தொழில்காரர் ஆன கதை இது.

பழைய தியேட்டர் என்றதும் எல்லாரும் திரையைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு ப்ரொஜெக்டரை ஓட்டும் ஆபரேட்டர் ரூமைப் பற்றிப் பேச வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தலைக்குப் பின்னால், உயரத்தில், சின்னச் சின்னச் சதுர ஓட்டைகளோடு ஒரு சுவர் இருக்குமே, அதற்குப் பின்னால் இருப்பது. ஏன் அது தனி அறை? நெருப்புப் பயம். அன்றைய ஃபிலிம் நைட்ரேட் என்ற பொருளால் ஆனது. பற்றிக்கொண்டால் தண்ணீரில் அமுக்கினாலும் எரியும். எரிவதற்கான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்த ஃபிலிமுக்குப் பக்கத்திலேயே வெளிச்சத்துக்காக இரண்டு கார்பன் குச்சிகள் நெருப்பாய் எரிந்துகொண்டிருக்கும். நினைத்துப் பாருங்கள்! அதனால்தான் கனமான சுவர், புகை போகக் குழாய், ஓட்டைகளுக்கு இரும்புத் தகடு. தீப்பிடித்தால் தகடு கீழே விழுந்து, தீ ஜனங்கள் பக்கம் வராமல் மூடிக்கொள்ள வேண்டும். அதாவது ஜனங்களைக் காப்பாற்றும் ஏற்பாடு. ஆபரேட்டர் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். 1918-இல் சினிமாச் சட்டம் வந்து, லைசென்ஸ் இல்லாமல் படம் காட்டக் கூடாது என்றது. அதற்கும் பெரிய காரணம் இந்த நெருப்புதான்.

அந்த ஆபரேட்டரின் வேலை இருக்கிறதே! கார்பன் தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும்; இல்லாவிட்டால் திரை மங்கும், விசில் பறக்கும். ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிடம்தான் வரும். முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். கவனித்திருக்கிறீர்களா? முதல் புள்ளியில் அடுத்த ரீல் ஏற்றிய இரண்டாவது மெஷினை ஓடவிட வேண்டும், இரண்டாவது புள்ளியில் வெளிச்சத்தை மாற்ற வேண்டும். கீழே அழுதுகொண்டிருக்கும் தாய்மார்களுக்கு மெஷின் மாறியதே தெரியக் கூடாது. ஒவ்வொரு ரீலுக்கும் இதே கதை, ஒவ்வொரு காட்சிக்கும்.

சரி, ஸ்டுடியோவில் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். தியேட்டர்கள் ஏன் இடிபடுகின்றன என்பதைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொன்னால், ஊர் நடுவில் இருந்ததால் டிக்கெட் வருமானத்தை நிலத்தின் விலை விழுங்கிவிட்டது. டிஜிட்டல் வந்தபோது ஃபிலிம் பெட்டியும் போய்விட்டது. வின்சென்ட் பின்னால் சென்ட்ரல் ஸ்டுடியோவிலும் பங்காளியானார், 1942-இல் காலமானார். அதையெல்லாம் இன்னொரு நாள் அழைத்தால் சொல்கிறேன். வணக்கம்.