நத்தைகுத்தி முன்னால் கால் மணி நேரம்

(பள்ளி ஆசிரியர்களுக்கான கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். வேடந்தாங்கலுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகாத ஆசிரியர்கள் இங்கே குறைவாகத்தான் இருப்பீர்கள். போன விதத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். காலையில் பஸ் கிளம்பும். வழியில் டிபன். பதினொரு மணி வெயிலில் ஏரிக்கரை மேல் வரிசையாக ஒரு நடை, கோபுரத்தில் ஏறி "அதோ பார் கூழைக்கடா", ஒரு குரூப் போட்டோ, அப்புறம் நேராக மாமல்லபுரம். மறுநாள் கட்டுரை நோட்டில் பறவைப் பெயர்கள் வரிசையாக இருக்கும். போர்டைப் பார்த்து எழுதியவை.

பெயரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏதாவது ஒரு பறவையின் முன்னால் கால் மணி நேரம் பிள்ளைகளை உட்கார வையுங்கள் என்கிறேன். நத்தைகுத்தி நாரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சரணாலயம்கூட வேண்டாம், தண்ணீர் கட்டிய வயல் போதும். அது அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். ஏன் என்று கேளுங்கள். "பாக்குவெட்டி மாதிரி, நத்தையை உடைக்க" என்று ஒரு பிள்ளை சொல்லும். ஜூலியன் ஹக்ஸ்லி என்ற பெரிய உயிரியலாளரும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தார். பின்னால் ஆராய்ந்தவர்கள் அது சரியில்லை என்றார்கள். இளம் பறவைக்கு அந்தச் சந்தே கிடையாது, வயது ஆக ஆகத்தான் விழும். ஆனாலும் அது நத்தை தின்கிறது! வேலையெல்லாம் அலகின் நுனியில் நடக்கிறது. நுனிக்குக் கூடுதல் அழுத்தம் கிடைக்கத்தான் அந்தச் சந்து என்று ஒரு கருத்து உண்டு. வரப்பில் காலி ஓடு கிடந்தால் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நொறுங்கியிருக்கிறதா, முழுசாக இருக்கிறதா? இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

நாற்பது பிள்ளைக்கு ஒரு பைனாகுலர் கொண்டுபோனால் அந்தக் கால் மணி நேரமும் பைனாகுலர் பஞ்சாயத்திலேயே போய்விடும். நாரை பெரிய பறவை, வெறுங்கண்ணுக்கே தெரியும்.

சரி, வேடந்தாங்கலுக்கே வருவோம். அந்த ஏரி ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். கூடு கட்டும் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு அதற்குள்ளேயே மீன் கிடைத்துவிடுமா? கிடைக்காது. சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் போய்த்தான் இரை கொண்டுவருகின்றன. அதனால் பிள்ளைகளைச் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கரையில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கூட்டமும் எந்தத் திசையிலிருந்து திரும்புகிறது என்று நோட்டில் அம்புக்குறி போடட்டும். வீட்டுக்கு வந்து வரைபடத்தில் அந்தத் திசையில் என்ன ஏரி இருக்கிறது என்று தேடட்டும். நம் ஊர் ஏரியைத் தூர்த்தால் அங்கே ஒரு குஞ்சுக்கு இரை குறையும் என்பது அந்த அம்புக்குறியில் தெரிந்துவிடும். சரணாலயம் வேலியோடு முடிகிற விஷயம் இல்லை. இதைப் பாடப்புத்தகத்தில் படித்தால் ஒரு மதிப்பெண் கேள்வி, அவ்வளவுதான்.

அந்த ஊர்க்காரர்களிடமும் பேச வையுங்கள். எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அங்கே பரம்பரையாகத் தெரிந்த கணக்கு. துப்பாக்கியோடு வந்தவர்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் போய் முறையிட்டார்கள், 1790களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் பாதுகாப்புக்கு எழுதிக் கொடுத்தார் என்பது வரலாறு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972இல்! சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. நம் பிள்ளைகள் அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் "கஷ்டமா இல்லையா?" என்று கேட்கட்டும். என்ன பதில் வந்தாலும் சரி.

போகும் இடத்தில் போனில் பறவைக் குரல் போட்டுக் கூப்பிடும் வேலை வேண்டாம். கூட்டில் இருக்கும் தாய்க்கு அது தொந்தரவு.

தூரம் போக வசதியில்லாத பள்ளிகளுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு வாசலிலோ ஏரிக்கரையிலோ 15 நிமிடம் நின்று, பார்த்ததையெல்லாம் எண்ணி இ-பேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும். பிள்ளைகள் மீன்கொத்தியை மட்டும் ஆசையாகக் குறித்துவிட்டுக் காகத்தையும் மைனாவையும் விட்டுவிடுவார்கள். அவற்றையும் எண்ணியே ஆக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.