ஆட்டம் முடிந்த பிறகு யார் இருக்கிறார்கள்?

நடுவர் அவர்களே, வணக்கம். வெறிச்சோடிய நகர மையத்துக்கு உயிர் கொடுப்பது விளையாட்டரங்கமும் விளம்பரமுமா, பல்கலைக்கழகமா? பல்கலைக்கழகமே என்று பேச வந்திருக்கிறேன்.

அரங்கம் கட்டினால் ஊர் கூடும் என்றார் எதிரணித் தலைவர். சரி, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள ஃபீனிக்ஸ் நகருக்கு வாருங்கள். அங்கே 1992-ல் நடு ஊரில் கூடைப்பந்து அரங்கம் வந்தது. 1998-ல் பக்கத்திலேயே பேஸ்பால் மைதானம். ஆட்டம் நடக்கும் இரவில் தெரு நிறையும். முடிந்ததும் எல்லாரும் காரை எடுத்துக்கொண்டு புறநகருக்குப் போய்விடுவார்கள். அப்புறம், நகர மையத்துக்குக் 'காப்பர் ஸ்கொயர்' என்று பெயர் சூட்டி விளம்பரம் செய்தார்கள். பெயர் ஒட்டவில்லை, கைவிட்டார்கள். ஆளில்லாத வீட்டுக்குப் பெயர்ப்பலகை எதற்கு?

2006 மார்ச்சில் நகராட்சி கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்ட நகர மக்களே வாக்களித்துச் சம்மதம் தந்தார்கள். அதில் 22.3 கோடி டாலர் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நகர வளாகத்துக்கு. மேயர் ஃபில் கோர்டனும் பல்கலைக்கழகத் தலைவர் மைக்கேல் குரோவும் கைகோத்தார்கள். பல்கலைக்கழகம் கிளை அலுவலகம் போடவில்லை. துறைகளையே பெயர்த்துக் கொண்டுவந்தது. செவிலியர் கல்லூரி, 2008-ல் இதழியல் பள்ளி, 2016-ல் சட்டக் கல்லூரி. 2008 டிசம்பரில் ஓடத் தொடங்கிய இலகு ரயில், பக்கத்து நகரமான டெம்பியிலுள்ள தாய் வளாகத்தை இந்த நகர வளாகத்தோடு இணைத்தது.

அங்கே 1930களில் கட்டிய தபால் நிலையம் ஒன்று இருக்கிறது. நகராட்சி அதை வாங்கிப் பல்கலைக்கழகத்துக்குத் தந்தது. தபால்தலை வாங்க வருபவரும் புத்தகப்பை மாட்டிய மாணவரும் ஒரே கூரையின் கீழ். பக்கத்தில் 2009-ல் திறந்த பூங்கா. அதன் மேலே சிற்பக் கலைஞர் ஜேனட் எக்கல்மன் வலையால் செய்த, கள்ளிப்பூ போல் விரிந்த சிற்பம். இருட்டினால் நிறம் மாறி ஒளிரும். இது பல்கலைக்கழக மதிலுக்குள் இல்லை, ஊர்ப் பூங்காவில் இருக்கிறது. விடுதி மாணவனுக்கு ராத்திரி பத்து மணிக்குப் பசிக்கும், நடுவர் அவர்களே. ஆட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமையும் பசிக்கும். கடைக்காரருக்கு வேண்டியது அந்தப் பசிதான்.

பல்கலைக்கழகம் வந்தால் பழைய கட்டடங்கள் போகும் என்றார்கள். உண்மை. முதல் மாணவர்கள் தங்கிய 'ரமாடா' என்ற பழைய ஓட்டல் கட்டடத்தைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்டும் இடித்து, வண்டி நிறுத்தும் இடமாக்கினார்கள். அது தவறு என்றே நானும் சொல்வேன். ஆனால் வண்டி நின்ற அந்த மனையில்தான் இன்று சட்டக் கல்லூரி நிற்கிறது. கட்டடத்தின் நடுவே பாதை விட்டிருக்கிறார்கள். சட்டம் படிக்காதவரும் அதன் வழியே நடந்து அடுத்த தெருவுக்குப் போகலாம்.