அடி மேல் அடி வச்சா: கோபன்ஹேகன் தெருவுல ஒரு நாள் நடந்த கதை
(மயிலாடுதுறையில வாசகர் வட்ட மாதக் கூட்டத்துல பேசினது, கேட்டவங்களுக்காக எழுத்துல)

எல்லாருக்கும் வணக்கம். தலைமை ஏத்திருக்கிற, எனக்கு எட்டாம் வகுப்புல பூகோளம் சொல்லிக்குடுத்த ஆசிரியர் ஐயா அவர்களே, இந்த வயசுலயும் கைத்தடி ஊனிக்கிட்டு மகாதானத் தெருவுலேருந்து நடந்தே வந்திருக்கீங்க, அதுக்கு முதல்ல ஒரு கும்பிடு. நகராட்சியில நமக்காகக் குரல் குடுக்கிற வார்டு உறுப்பினர் அம்மா அவர்களே, வேலை நாள்லயும் கடையைப் பையன்கிட்ட விட்டுட்டு வந்திருக்கிற வர்த்தகர் சங்கத் தலைவர் அண்ணன் அவர்களே, இந்தக் கூடத்தைத் திறந்துவிட்டு நாற்காலி வரைக்கும் தன் கையால துடைச்சுப் போட்ட நூலகர் அம்மா அவர்களே, வரவேற்புரை சொன்ன தம்பி, பொன்னாடை போர்த்தின தங்கச்சி, பின்வரிசையில நிக்கிற ஐ.டி.ஐ. மாணவர்கள், யார் பேராவது விட்டுப்போயிருந்தா மன்னிக்கணும், எல்லாருக்கும் என் வணக்கம்.

போன வருஷம் ஜூன் மாசம் நானும் என் வீட்டுக்காரம்மாவும் டென்மார்க் போயிருந்தோம், பையன் அங்க வேலையில இருக்கான். "ஐரோப்பா பாத்தீங்களே, எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டவங்களுக்கெல்லாம் நான் சொல்ற பதில் ஒண்ணுதான், கோபன்ஹேகன்ல நடந்தோம். பஸ்ல சுத்திக்காட்டுற டூர் இருக்கு, படகு இருக்கு, எதுலயும் ஏறல. காலையில பத்து மணிக்கு ஆரம்பிச்சு ராத்திரி பத்து மணி வரைக்கும் நடந்தோம், அங்க ஜூன்ல ராத்திரி பத்து மணிக்குத்தான் பொழுது சாயுது.

அந்த ஊருக்கும் நமக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு நினைக்காதீங்க. இங்கேருந்து பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல தரங்கம்பாடி. அங்க கடற்கரையில நிக்குதே டேனிஷ் கோட்டை, அதுக்கு 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் அனுமதி குடுத்தாரு, கப்பல் அனுப்பினது டென்மார்க் ராஜா நாலாம் கிறிஸ்டியன். நாயக்கர் தங்கத் தகட்டுல தமிழ்ல எழுதி அனுப்பின கடிதம் இன்னிக்கும் டென்மார்க் ஆவணக் காப்பகத்துல பத்திரமா இருக்கு. 1845ல தரங்கம்பாடியை இங்கிலீஷ்காரன்கிட்ட வித்துட்டுப் போயிட்டாங்க, ஆனா அந்தக் கடிதத்தை மட்டும் விடல. நான் அங்க தெருத்தெருவா பாத்த பாதிக் கட்டடத்துக்கு மேல அதே நாலாம் கிறிஸ்டியன் பேருதான் இருந்துச்சு, எனக்கு சொந்தக்காரர் பேரைப் பாத்த மாதிரி இருந்துச்சு.

இன்னிக்கு மூணு விஷயம் சொல்லணும்னு வந்திருக்கேன். ஒண்ணு தெரு, ரெண்டு தீ, மூணு தண்ணி. எங்க அப்பாயி ஒரு பழமொழி சொல்லும், என் பேச்சைக் கேட்டவங்களுக்குத் தெரியும், "அடி மேல் அடி வச்சா அம்மியும் நகரும்". இந்த மூணுக்கும் அதுதான் சாவி.

நகர மண்டபத்து வாசல்லேருந்து நடக்க ஆரம்பிச்சோம். எதிர்த்தாப்புல ஸ்ட்ரோயட்டுன்னு ஒரு கடைத்தெரு, அஞ்சு தெரு ஒண்ணோட ஒண்ணு சேந்து 1.1 கிலோமீட்டர் நீளம். அகலம் ஒண்ணும் பெருசு இல்ல, 10, 12 மீட்டர் இருக்கும், நம்ம பட்டமங்கலத் தெருவுல நடக்கிறவங்களுக்கு அப்படியே பழக்கமான அகலம். அதுல ஒரு கார் கிடையாது, ஒரு பைக் கிடையாது. நான் முதல் பத்து நிமிஷம் பழக்கதோஷத்துல பின்னாடி திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே நடந்தேன், பையன் தோள்ல கை வச்சு "அப்பா, ஒண்ணும் வராது, நேரா பாத்து நடங்க"ன்னான். அப்பதான் எனக்குத் தெரு கண்ணுல பட்டுச்சு. மேல ஜன்னல்ல பூந்தொட்டி, காலுக்குக் கீழ கருங்கல், நடுவுல நாரைச் சிலை வச்ச ஒரு நீரூற்று, அதைச் சுத்தி விளிம்புல குழந்தைங்க, கிழவன் கிழவி, கையில ஐஸ்கிரீம். அந்த ஊர்ல தாதிமார் படிப்பு முடிச்சதும் அந்த நாரையைச் சுத்தி வந்து ஆடுவாங்களாம், நாரைதானே அவங்க கதையில குழந்தையைக் கொண்டுவருது.

இது எப்பவும் இப்படி இருந்த தெருவான்னு கேட்டா, இல்ல. 1962 வரைக்கும் கார் மேல கார் ஏறி நின்ன தெரு அது. அந்த வருஷம் நவம்பர் 17ம் தேதி, சோதனைக்குன்னு சொல்லி வண்டியை நிறுத்தினாங்க. உடனே என்னா எதிர்ப்பு! கடைக்காரங்க "கார் வராட்டி வியாபாரம் படுத்துரும்"னாங்க, பத்திரிகையில "நாம டேனிஷ்காரங்க, இத்தாலிக்காரங்க இல்ல, இந்தக் குளிர்ல எவன் தெருவுல உக்காருவான்"னு எழுதினாங்க. வர்த்தகர் சங்கத் தலைவர் அண்ணன் இருக்காங்க, அவங்ககிட்ட மரியாதையோட ஒண்ணு சொல்றேன், அந்தக் கடைக்காரங்க பயந்ததுல தப்பே இல்ல, முதல் போட்டவனுக்குத்தான் வலி தெரியும். ஆனா 1964ல அதை நிரந்தரமாக்கினாங்க, இன்னிக்கு அந்த நாட்டுலயே வாடகை கூடுதலான கடைத்தெருக்கள்ல அதுவும் ஒண்ணு. நடக்கிறவன் தாங்க கடைக்குள்ள நுழைவான், கார்ல போறவன் கண்ணாடியை ஏத்திக்கிட்டுப் போயிருவான்.

இதுல முக்கியம், ஒரே ராத்திரியில ஊரையே மாத்தல. வண்டி நிறுத்துற இடத்தை வருஷத்துக்கு ரெண்டு சதவீதம், மூணு சதவீதம்னு, யாருக்கும் உறைக்காத மாதிரி குறைச்சுக்கிட்டே வந்தாங்க. முதல்ல ஒரு தெரு, அப்புறம் 1968ல ஒரு பழைய துறவி மடம் இருந்த சதுக்கம், 1980ல நியூஹவ்ன் துறைமுகக் கரை. நியூஹவ்ன்னா தெரியும், காலண்டர்ல எல்லாம் போடுவாங்களே, மஞ்சளும் சிவப்பும் நீலமுமா வரிசையா வீடு, முன்னாடி பாய்மரக் கப்பல், குழந்தைக் கதை எழுதின ஆண்டர்சன் குடியிருந்த தெரு. அந்த அழகான கரை முழுக்க முன்னாடி கார் நிறுத்துற இடமா கிடந்துச்சுன்னா நம்புவீங்களா? 1962ல அந்த நகர மையத்துல நடக்கிறவங்களுக்குன்னு ஒதுக்கினது 15,800 சதுர மீட்டர், முப்பத்தஞ்சு வருஷத்துக்குள்ள அது ஒரு லட்சம் சதுர மீட்டர்கிட்ட வந்துருச்சு. அடி மேல் அடி வச்சா அம்மியும் நகரும்னு எங்க அப்பாயி சும்மா சொல்லல.

இப்ப ஒரு சம்பவம் சொல்லணும், அதைச் சொல்லாம இறங்கினா எனக்கு மனசு ஆறாது. என் வீட்டுக்காரம்மாவுக்கு இடது முட்டி சரியில்ல. எப்படிப் போச்சுன்னா, நாலு வருஷத்துக்கு முன்னாடி நம்ம ஊர்லதான், காய்கறி வாங்கிட்டு வரும்போது நடைபாதையில சாக்கடை மேல போட்டிருந்த சிலாப் ஒண்ணு இல்ல, மேல அட்டையைப் போட்டு மூடி வச்சிருந்தாங்க, கால் உள்ள போயிருச்சு. அன்னிலேருந்து அவங்க படின்னா ஏற மாட்டாங்க, கோயிலுக்குப் போனாலும் வாசப்படியிலேயே கும்பிட்டுட்டுத் திரும்பிருவாங்க.

கோபன்ஹேகன்ல வட்டக் கோபுரம்னு ஒண்ணு, நாலாம் கிறிஸ்டியன் கட்டினது, 1642ல முடிஞ்சது, கிட்டத்தட்ட 35 மீட்டர் உசரம். பாத்ததுமே அவங்க "ஏங்க, நான் கீழ பெஞ்சுல உக்காந்திருக்கேன், நீங்க போயிட்டு வாங்க"ன்னுட்டாங்க. பையன் சொன்னான், "அம்மா, இதுல படியே இல்ல, ரேம்ப்தான், சும்மா நடந்து போயிரலாம்". அவங்க நம்பல, கோபுரத்துக்கு எங்கடா படி இல்லாம இருக்கும்னாங்க. உள்ள எட்டிப் பாத்தா உண்மைதான், அகலமா செங்கல் பாவின சரிவுப் பாதை, நடுத்தூணைச் சுத்தி ஏழரைச் சுத்து சுத்தி மேல போகுது, 209 மீட்டர். எதுக்கு அப்படிக் கட்டினாங்கன்னா, பக்கத்துத் தேவாலயத்து மேல்மாடியில பல்கலைக்கழக நூலகம், உச்சியில வானம் பாக்கிற கூடம், புத்தகத்தையும் கருவியையும் வண்டியில வச்சு ஏத்தணும். 1716ல ரஷ்ய ராஜா பீட்டர் குதிரை மேல உக்காந்தே உச்சி வரைக்கும் போனாராம்.

"குதிரை போன பாதையில நான் போக மாட்டனா"ன்னு கிளம்பிட்டாங்க! செங்கல் நானூறு வருஷம் கால் பட்டு மழமழன்னு ஆகியிருந்துச்சு, ஒவ்வொரு செங்கலும் நடுவுல லேசா குழிஞ்சிருந்துச்சு. மூணாவது சுத்துல மூச்சு வாங்குச்சு, சுவத்துல ஜன்னல் மாடம் இருக்கு, அதுல உக்காந்தாங்க. அங்க ஏற்கனவே ஒரு டேனிஷ் பாட்டி, எம்பது வயசு இருக்கும், தள்ளிக்கிட்டுப் போற சக்கர வண்டியை ஓரமா நிறுத்திட்டு உக்காந்திருந்தாங்க. இவங்களுக்குத் தமிழ் தவிர வேற தெரியாது, அந்தம்மாவுக்கு டேனிஷ். அந்தம்மா தன் முட்டியைத் தட்டிக் காட்டுச்சு, இவங்க தன் முட்டியைத் தட்டிக் காட்டினாங்க, அவ்வளவுதான், ரெண்டு பேருக்கும் உலகத்துல எல்லாம் புரிஞ்சுபோச்சு. இவங்க பையிலேருந்து கடலை மிட்டாயை எடுத்து நீட்டினாங்க, அந்தம்மா கடிக்க முடியாம வாயில வச்சு ஊறவச்சுக்கிட்டே தலையை ஆட்டுச்சு. அப்புறம் ரெண்டு பேரும் சேந்தே கிளம்பினாங்க, ஒருத்தர் வண்டியைப் பிடிச்சுக்கிட்டு, ஒருத்தர் அந்த வண்டியோட இன்னொரு கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைங்க மேலேருந்து தடதடன்னு ஓடிவந்துச்சுங்க, இவங்களைப் பாத்ததும் சுவரோரமா ஒதுங்கி வழி விட்டுச்சுங்க. உச்சிக்குக் கொஞ்சம் கீழ மட்டும் குறுகலா ஒரு படிக்கட்டு வருது, அங்க ரெண்டு பேரும் நின்னுட்டாங்க. நானும் பையனும் மேல போய்ச் சிவப்பு ஓட்டுக் கூரையெல்லாம் பாத்துட்டு இறங்கி வர்றோம், ரெண்டு பேரும் அதே இடத்துல கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. கீழ வந்து இவங்க கேட்டாங்க, "ஏங்க, அவ்வளவு உசரக் கோபுரத்துல என்னால ஏற முடியுது, நம்ம ஊர்ல மார்க்கெட்டுக்குப் போக முடியலையே". நான் பதில் சொல்லல. என்னா பதில் சொல்றது?

வார்டு உறுப்பினர் அம்மா அவர்களே, அந்தக் கேள்வியைத்தான் நான் இந்த மேடைக்குக் கொண்டுவந்திருக்கேன்.

ரெண்டாவது, தீ. அந்த ஊர் மூணு தடவை பெருசா அழிஞ்ச ஊர். 1728ல எரிஞ்சுச்சு, அந்த வட்டக் கோபுரத்துப் பக்கத்து நூலகத்துல இருந்த ஆயிரக்கணக்கான புத்தகம் சாம்பலாச்சு, நூலகர் அம்மாவுக்குத் தெரியும் அது என்னா இழப்புன்னு. 1795ல மறுபடி எரிஞ்சுச்சு, 1807ல இங்கிலீஷ் கப்பற்படை குண்டு போட்டுச்சு. 1795 தீக்கு அப்புறம் ஒரு விதி வச்சாங்க, தெருமுனை வீடு எதுவா இருந்தாலும் மூலையைச் சாய்வா வெட்டித்தான் கட்டணும், ஏன்னா ஏணி வச்ச தீயணைப்பு வண்டி திரும்பணும். இன்னிக்கும் எந்த முச்சந்தியில நின்னு பாத்தாலும் மூலை மழுங்கியிருக்கும், பணக்காரன் வீடுன்னு ஒண்ணு தப்பல. ஊருக்காக ஒவ்வொரு வீட்டுக்காரனும் தன் மனையில ஒரு முக்கோணத்தை விட்டுக்குடுத்திருக்கான். நம்ம ஊர்ல என்னா பண்றோம், நம்ம வீட்டுப் படியை ஊரோட நடைபாதையில நீட்டுறோம். சொல்றதுக்கே வருத்தமா இருக்கு.

அதே நாலாம் கிறிஸ்டியன் கட்டின பழைய பங்குச்சந்தைக் கட்டடத்தையும் பாக்கப் போனோம். நாலு டிராகன் வாலை முறுக்கி வச்ச கோபுரம், 56 மீட்டர், அதுதான் ஊருக்கே அடையாளம். 2024 ஏப்ரல் 16ம் தேதி காலையில தீப்பிடிச்சு அந்தக் கோபுரம் சாஞ்சுருச்சு. ரோட்டுல போனவங்களே உள்ள ஓடி, அங்க இருந்த பழைய ஓவியங்களைத் தூக்கிட்டு வெளிய வந்தாங்க. நாங்க போனப்ப சாரம் கட்டி வேலை நடந்துக்கிட்டு இருந்துச்சு, வேலிக்கு வெளிய ஒரு பெரியவர் தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு அமைதியா நின்னாரு. தான் தினம் நடந்துபோற ஊரா இருந்தாத்தான் ஒரு கட்டடத்து முன்னாடி அப்படி நிக்கத் தோணும். தரங்கம்பாடியில 1792ல கட்டின வாசலுக்குள்ள கார்லயே நுழைஞ்சு கார்லயே வெளிய வர்றவங்களுக்கு அந்த வாசல் மேல எங்கேருந்து பாசம் வரும்?

மூணாவது தண்ணி, அந்தத் துறைமுகத் தண்ணியைச் சுத்தம் பண்ணி இன்னிக்கு ஊருக்கு நடுவுல ஜனங்க குதிச்சு நீந்துறாங்க, அது பெரிய கதை, நம்ம காவிரியை வச்சுத் தனியா ஒரு கூட்டத்துல பேசணும், தலைவர் ஐயா நேரம் ஆச்சுன்னு கை காட்டுறாங்க, நான் விஷயத்துக்கு வந்துர்றேன்.

நான் கேக்கிறது ஸ்ட்ரோயட் இல்ல. ஞாயித்துக்கிழமை காலையில 6 மணியிலேருந்து 9 மணி வரைக்கும் பட்டமங்கலத் தெருவுல வண்டி வேண்டாம், அவ்வளவுதான். மூணு மணி நேரம். வர்த்தகர் சங்கத் தலைவர் அண்ணன், அந்த நேரத்துல பாதிக் கடை திறக்கிறதே இல்ல, உங்களுக்கு நட்டம் இல்ல, ஒரு மாசம் பாருங்க, சரிப்படலைன்னா நானே வந்து தடுப்பை எடுத்துர்றேன். அம்மா, நகராட்சிக் கூட்டத்துல இதைத் தீர்மானமா வைக்கணும், கூடவே சிலாப் இல்லாத இடத்துக்கெல்லாம் சிலாப். அடி மேல் அடி வச்சா அம்மியும் நகரும், முதல் அடியை மட்டும் இந்தக் கூட்டத்துல வச்சுருவோம்.

வெளிய மேசையில ஒரு நோட்டு இருக்கு, கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, போன் நம்பர் வேண்டாம், தெரு பேரு மட்டும் எழுதுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில 6 மணிக்கு மணிக்கூண்டுகிட்ட நிப்பேன். ஐ.டி.ஐ. தம்பிங்க அளவு டேப் கொண்டுவரணும், நடைபாதை எங்க எத்தனை அடி இருக்கு, எங்க சிலாப் இல்லன்னு அளந்து எழுதப்போறோம். என் வீட்டுக்காரம்மாவும் வர்றாங்க, பையில கடலை மிட்டாய் இருக்கும். வணக்கம்.