கணக்கில் வராத நினைவகம்

எல்லோருக்கும் வணக்கம். நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சர்வரில் 16 ஜிபி ராம். ஓடுகிற புரோகிராம்கள் பிடித்திருப்பதையெல்லாம் கூட்டினால் 4 ஜிபி தாண்டவில்லை. ஆனால் மெஷின் திணறுகிறது. மீதி எங்கே?

"கேஷ்தான், கவலைப்படாதே" என்பார்கள். பெரும்பாலும் அது உண்மை. லினக்ஸ் ராமைச் சும்மா வைத்திருக்காது. படித்த ஃபைல்களை வைத்துக்கொண்டு, யாராவது இடம் கேட்டால் விட்டுக்கொடுக்கும். அதனால் 'மெம்ஃப்ரீ', அதாவது சும்மா கிடக்கும் ராம், குறைவதைப் பார்த்துப் பதற வேண்டாம். 2014-ல் வந்த லினக்ஸ் 3.14 பதிப்பு முதல், நினைவகக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோவில் 'மெம்அவைலபிள்' என்று ஒரு வரி உண்டு. கேட்டால் எவ்வளவு கிடைக்கும் என்பது அதில் இருக்கும், அதைப் பாருங்கள். என் சர்வரில் அதுவும் வற்றியிருந்தது. கொஞ்சம் கீழே 'எஸ்அன்ரிக்ளெய்ம்' மட்டும் 9 ஜிபி.

அதாவது லினக்ஸின் மையமான கர்னல் தனக்கென்று எடுத்து, திருப்பித் தர முடியாமல் வைத்திருக்கும் ஸ்லாப் நினைவகம். புரோகிராம் செத்தால் அதன் நினைவகத்தைக் கர்னல் பிடுங்கிக்கொள்ளும். கர்னலே தொலைத்தால் யார் பிடுங்குவது? ரீபூட்தான்.

ஸ்லாப் என்பது ஜெஃப் பான்விக் 1994-ல் சோலாரிஸ் இயங்குதளத்துக்காக வடிவமைத்த நினைவக ஏற்பாடு. இட்லித் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றோ சிலவோ 4096 பைட் பக்கங்கள் சேர்ந்ததுதான் தட்டு. ஒரே அளவுக் குழிகள், குழிக்கு ஒரு பொருள். எந்தத் தட்டில் எத்தனை குழி நிரம்பியிருக்கிறது என்று ஸ்லாப்டாப் என்ற கட்டளை சொல்லிவிடும். என் சர்வரில் 'கேமல்லாக்-256' ஏறிக்கொண்டே போனது. சரி, ஆனால் அது பொதுத் தட்டு. 256 பைட் கேட்கிற எவரும் அதில்தான் ஊற்றுவார்கள். யார் வீட்டு இட்லி என்று அதில் எழுதியிருக்காது.

அப்புறம் கேமெம்லீக், கர்னல் தொலைத்த நினைவகத்தை, அதாவது லீக்கை, தேடும் கருவி. கேட்டலின் மரினாஸ் எழுதியது, 2009-ல் 2.6.31-ல் சேர்ந்தது. ஒவ்வொரு ஒதுக்கீட்டையும், அதைக் கேட்ட ஃபங்ஷன்களின் வரிசையோடு குறித்துக்கொள்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நினைவகத்தைத் துழாவி, அந்த முகவரி எங்காவது தென்படுகிறதா என்று தேடுகிறது. எங்குமே இல்லையென்றால் சந்தேகப் பட்டியல். அழகான யோசனை. ஆனால் முகவரி போலத் தோன்றும் வெறும் எண்கூட அதை ஏமாற்றிவிடும். வேகத்தையும் நன்றாகவே குறைக்கும், அதனால் சோதனை மெஷினில்தான் ஓட்டினேன். இரவு முழுக்க ஓடியும் பட்டியல் காலி!

காரணம் பிறகுதான் உறைத்தது. அந்தப் பொருள்கள் தொலையவில்லை, ஒரு லிஸ்டில் பத்திரமாகக் கோத்து இருந்தன. முகவரி இருக்கிறது, ஆனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கேமெம்லீக்குக்கு இது லீக்கே இல்லை.

கைகொடுத்தது, 2024-ல் 6.10 பதிப்பில் வந்த 'அல்லாக்இன்ஃபோ'. நினைவகம் கேட்கும் ஒவ்வொரு கோடு வரிக்கும் தனி எண்ணிக்கை வைத்திருக்கிறது. கம்பைல் செய்யும்போதே அந்த வசதியைச் சேர்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். துப்பறிய வேண்டியதில்லை, பேரேடு மாதிரி வாசிக்கலாம். ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை எடுத்து ஒப்பிட்டேன். ஏறியது ஒரே ஒரு வரி, ஒரு டிரைவரில். பிழை நேர்ந்தால் லிஸ்டிலிருந்து நீக்கி விடுவிக்க வேண்டும். நீக்கும் வரிக்கு முன்பே, ஃபங்ஷனை அங்கேயே முடித்துவிடும் ரிட்டர்ன் எழுதியிருந்தார்கள்.